அறுபத்து மூன்றாவது உருப்படி

1

காலை எட்டரைக்கு வந்த வண்டிக்காரர் முன்பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தார். நான் ஏறப் போனேன். படியில் ஒரு காலை வைத்தும் விட்டேன். அவர் கையைக் குறுக்கே நீட்டினார். முரட்டுத்தனம் ஒன்றுமில்லை, தெருவைக் கடக்கப் போகும் ஒருவரை நிறுத்துவது போலத்தான்.

"ஆள் ஏற்றுவதில்லை. இன்சூரன்ஸ் பெட்டிகளுக்கு மட்டும்தான்" என்றார் ஜெர்மனில்.

பின்னால் வாசற்படியில் நின்ற என் மகள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பத்தொன்பது வயது. பிரேமனிலிருந்து மூனிக்குக்குப் படிக்கப் போகிறாள். பெயர் அழகம்மை. இந்த ஊர் நாக்குகளில் அந்தப் பெயர் நிற்காததால் பள்ளிக்கூடத்தில் அலா ஆனாள். இப்போது வீட்டில் நான் அழகு என்று கூப்பிட்டால் இரண்டாவது முறைதான் திரும்பிப் பார்க்கிறாள்.

"அம்மா, என்ன பண்றீங்க? அது வெறும் பெட்டி."

பதினேழு பெட்டிகள். வண்டிக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு ஒட்டி, கைக்கருவியால் அதை வருடினார். கருவி ஒவ்வொரு முறையும் குருவிக்குஞ்சு போலக் கத்தியது. பதினேழு குருவிச் சத்தம். பிறகு கதவு சாத்தும் சத்தம். வண்டி தெருமுனையில் திரும்பியதும் அங்கேயே, நடைபாதை ஓரத்தில், உட்கார்ந்துவிட்டேன்.

பயந்துவிட்டேன். பட்டப்பகலில், ஒழுங்கான தெருவில், ஒழுங்கான ஒரு மனிதர் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போனதற்கு. இதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொன்னால் புரியும். இங்கே யாருக்கும் சொல்லிப் புரியவைக்க என்னிடம் மொழி இல்லை.

2

போன வருஷம் ஆவணியில் எங்கள் அப்பச்சி வீட்டைக் காலி செய்தார். அப்பச்சி என்றால் எங்கள் பக்கத்தில் அப்பா, ஆத்தா என்றால் அம்மா. திருமயத்துக்குப் பக்கத்தில் ஊர். புதுக்கோட்டை கீழராஜ வீதியில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை வைத்திருந்தவர். ஆத்தா போன பிறகு இரண்டு வருஷம் தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மூன்று மணி நேரம் கழித்துப் பால்காரர் வந்து தூக்கிவிட்டார். அதோடு முடிவாயிற்று. புனேயில் இருக்கும் என் தம்பி மெய்யப்பன் வீட்டுக்குப் போவது என்று.

சாமான்களைக் கொண்டுபோக ஆள் பிடிக்கும் பொறுப்பு எனக்கு. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேறு என்ன பொறுப்பு கொடுக்க முடியும்? கம்ப்யூட்டரில் தேடினேன். ஒரு கம்பெனியின் பக்கத்தில் பச்சை நிற லாரி ஒன்று, அதன் முன்னால் கைகட்டிச் சிரிக்கும் நான்கு பேர். அந்தச் சிரிப்பை நம்பினேன். வண்டி எங்கே போகிறது என்று நொடிக்கு நொடி வரைபடத்தில் காட்டும் வசதி உண்டு என்று போட்டிருந்தது. அதையும் நம்பினேன். அயல்நாட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்துவிட்டால் நம்பிக்கை இப்படித்தான் ஆகிவிடும். நேரில் பார்க்காததை எல்லாம் நம்பத் தொடங்கிவிடுவோம்.

திங்கட்கிழமை. இங்கே காலை ஏழு. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் சூப்பர்வைசர் போன் செய்தார், திருச்சிக்காரர்.

"மேடம், சாமான் எல்லாம் ஏத்தியாச்சு. மொத்தம் அறுபத்தி ரெண்டு உருப்படி. லிஸ்ட்டு வாட்ஸப்புல அனுப்பிருக்கேன். ஒரு சின்ன பிரச்சினை."

"என்ன?"

"ஐயா வண்டியில ஏறி உக்காந்துட்டாங்க. எறங்க மாட்டேங்குறாங்க."

போனை அப்பச்சியிடம் கொடுக்கச் சொன்னேன். திருச்சியிலிருந்து சென்னை வழியாகப் புனேவுக்கு விமான டிக்கெட் போட்டிருந்தோம். சாமான் ஏறியதும் டாக்சி வந்து அழைத்துப் போக வேண்டியது.

"அப்பச்சி, டாக்சி வந்து நிக்குதாம். எறங்குங்க."

"டாக்சியில நீ போ. சரக்கோட ஆள் போகணும்."

அது எங்கள் வீட்டு நடைமுறை. கும்பகோணத்தில் பித்தளைப் பாத்திரம் ஏற்றினால் அப்பச்சி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் புதுக்கோட்டை வருவார். அவருடைய அப்பச்சி பர்மாவுக்குப் போனபோதும் அப்படித்தான், மூட்டைகள் கிடந்த கப்பல் தட்டிலேயே படுத்துப் போனாராம். ஆள் இல்லாமல் சரக்கு அனுப்புவது எங்கள் வீட்டில் குழந்தையைத் தனியாகச் சந்தைக்கு அனுப்புவது மாதிரி. எனக்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்தும் கம்பெனிக்காரர்களிடம் சொல்லாமல் விட்டேன். இந்தக் காலத்தில் ஏறமாட்டார் என்று நினைத்தேன்.

"அப்பச்சி, ரெண்டு நாள் ரோடு. ஒங்களுக்கு எழுபத்தி நாலு வயசு."

"வயசு எனக்குத் தெரியும். அந்த ஆட்டுக்கல்ல ஒருத்தன் எப்புடி ஏத்துனான்னு நீ பாத்திருந்தா இப்புடிப் பேச மாட்ட. தலகீழா வச்சுட்டான். மடப்பய."

"கம்பெனி ரூல் இல்ல மேடம்" என்று பின்னால் சூப்பர்வைசர் குரல்.

"தம்பி, நீங்க சும்மா இருங்க. நாங்க அப்பனும் மகளும் பேசுறோம்ல."

என் டிராம் வர நான்கு நிமிடம். ஈரத் தலை. ஒரு காலில் செருப்பு. நான் சொன்னேன்: "சரி. போகட்டும். விடுங்க."

அந்தச் "சரி"யைப் பிறகு எத்தனை தடவை திரும்பச் சொல்லிப் பார்த்திருப்பேன்! எவ்வளவு சின்ன வார்த்தை. எழுபத்து நான்கு வயது மனிதர் ஒருவரை அதற்குள் வைத்து மூடிவிட்டேன்.

3

வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி.

பல் வலியோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக்கொடுத்தபடியே மேசைக்கு அடியில் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீரனூர். திருச்சி. காவிரியைக் கடந்தது, பாலத்தின் மேல் புள்ளி போனபோது எனக்குக் காற்றடித்தது போலிருந்தது. நாமக்கல். நடுவில் அப்பச்சியே போன் செய்தார்.

"இந்த டிரைவரு நல்ல பயதான். ராசிபுரத்துக்காரன். டீ வாங்கிக் குடுத்தான். வண்டி பச்சையா இருக்கும்னியே? இது என்னமோ சாக்கு மூடுன வண்டியா இருக்கு."

பச்சை இல்லை என்ற அந்தத் தகவல் எனக்குள் எங்கோ விழுந்தது. நான் குனிந்து எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை புள்ளி கிருஷ்ணகிரியில் நின்றிருந்தது. சாப்பிட நிறுத்தியிருப்பார்கள். ஒரு மணி நேரம். டிரைவர் தூங்குகிறாராக இருக்கும். மூன்று மணி நேரம். அப்பச்சியின் பட்டன் போன், அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது. மத்தியானம், இங்கே பதினொரு மணி இருக்கும், புள்ளி நகர்ந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். விட்ட மூச்சை என்னால் திரும்ப இழுக்க முடியவில்லை.

புள்ளி தெற்கே வந்துகொண்டிருந்தது.

தர்மபுரி. தொப்பூர் கணவாய். சேலம். போன வழியிலேயே திரும்பி, சாவகாசமாக. வீட்டில் எதையோ மறந்துவிட்டு எடுக்க வருகிறது போல. ஒரு புள்ளிக்கு இவ்வளவு பயமுறுத்தத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. அப்பச்சிக்கு நெஞ்சுவலி வந்து ஊருக்குக் கொண்டு வருகிறார்களா? இல்லை, அவரை எங்கோ இறக்கிவிட்டு வண்டி மட்டும் வருகிறதா? சூப்பர்வைசருக்குப் போட்டேன். எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டேன். என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியம் என்று ஒரு பெண்குரல் சொல்லி, புல்லாங்குழல் வாசித்தது. பதினைந்து நிமிடப் புல்லாங்குழல். அதற்குப் பிறகு ஒரு மனிதக் குரல்.

"உங்க கன்சைன்மென்ட் டிரான்சிட்ல இருக்கு மேடம்."

"அதுல எங்க அப்பா இருக்காரு."

"யாரு?"

"எங்க அப்பா. வண்டியில ஏறிப் போனாரு. புதுக்கோட்டையிலேருந்து."

கீபோர்டைத் தட்டும் சத்தம். நிதானமாகத் தட்டினார்.

"இல்லையே மேடம். அறுபத்தி ரெண்டு ஐட்டம்தான் காட்டுது. பாசெஞ்சர்னு எதுவும் காட்டலையே."

பட்டியலை நானும் எடுத்துப் பார்த்தேன். தேக்கு அலமாரி ஒன்று. இரும்புப் பெட்டி ஒன்று. ஆட்டுக்கல், குழவி, இரண்டு. எவர்சில்வர் அண்டா நான்கு. மரமணை ஒன்று. பிளாஸ்டிக் வாளி, உடைசல், ஒன்று. உடைந்த வாளிக்குக்கூட ஒரு எண் இருந்தது. அறுபத்திரண்டோடு கோடு போட்டு முடித்துக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கோணலாக, கடைக் கையெழுத்து. எங்கள் அப்பச்சியினுடையது. தன்னைச் சேர்க்காத பட்டியலுக்குத் தானே கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறியிருக்கிறார்.

4

புதன்கிழமை மெய்யப்பன் பெங்களூருக்கு விமானம் ஏறி, அங்கிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் போனான். நான் இங்கிருந்து போலீஸ் ஸ்டேஷன்களுக்குப் பேசினேன். முதல் ஸ்டேஷனில், "அவரா விரும்பித்தானேம்மா ஏறிப் போயிருக்காரு? எங்க லிமிட்டுல காணாமப் போகலையே" என்றார்கள். இரண்டாவது ஸ்டேஷனில், "எந்த எடத்துல காணாமப் போனாருன்னு தெரிஞ்சா சொல்லுங்க, அங்க எழுதிக்குவாங்க" என்றார்கள். எந்த இடத்தில் தொலைந்தார் என்று தெரிந்தால் அவர் தொலைந்தவரே இல்லையே, ஐயா. கோபமாகக் கேட்கவில்லை. வெளிநாட்டுக் குரலுக்குக் கோபம் வந்தால் அங்கே போனை வைத்துவிடுகிறார்கள்.

என் வீட்டுக்காரர் கப்பல் இன்ஜினியர். வருஷத்தில் பாதி கடலில். அப்போது எங்கோ ஆப்பிரிக்காவுக்குக் கீழே இருந்தார். ஆகவே வேலைக்குப் போனேன். வீட்டில் இருந்தால் சுவர்கள் பேசும். மேசையில் உட்கார்ந்து, போனை எடுத்து, "கவலைப்படாதீர்கள், பார்த்துக்கொள்வோம்" என்று அன்று முழுக்க யார் யாருக்கோ சொன்னேன். மத்தியானம் லீவு கேட்டுப் போனேன். அவசர விடுப்புக்கு ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள்: இறப்பு, பிரசவம், நோய், வீடு மாற்றம். கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வீடு மாற்றம்தான். யாருடைய மாற்றம் என்று கேட்பார்கள்.

கூட வேலை செய்யும் பெண் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டாள். அப்பாவைத் தொலைத்துவிட்டேன் என்றேன். அவள் எழுந்து வந்து என்னை இறுகக் கட்டிக்கொண்டு, கண் கலங்கி, எப்போது அடக்கம் என்று கேட்டாள். இந்த மொழியில் அப்படிச் சொன்னால் செத்துப்போனதாக அர்த்தம். இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாததில்லை. அன்றைக்கு வாய் அப்படித்தான் சொன்னது. இல்லை, இல்லை என்று விளக்கப் பார்த்தேன். லாரி. சாமான். ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் அவர் லாரியில் போனார்?"

மேசையில் போன் அடித்தது. எடுத்து, "கவலைப்படாதீர்கள்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அழகம்மையும் அதையே கேட்டாள். அப்பச்சி அவளுக்கு ஐயா. அவள் தமிழ் படிக்கட்டு இறங்கும் குழந்தை மாதிரி, ஒவ்வொரு சொல்லிலும் நின்று நின்று வரும்.

"ஐயா எதுக்கு டிரக்ல போனாங்க? பொருள் போச்சுன்னா வேற வாங்கலாம். ஐயா போச்சுன்னா?"

"போச்சுன்னா இல்லடி. போயிட்டாங்கன்னா."

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். இலக்கணம் திருத்துகிற நேரமா அது? அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அவள் அழுவது கேட்டது. எந்த மொழியில் அழுகிறாள் என்று யோசித்துக்கொண்டு வெளியே நின்றேன். தட்டவில்லை.

அன்று மாலை மெய்யப்பன் கிருஷ்ணகிரியிலிருந்து பேசினான். புறவழிச்சாலையில் ஒரு காலி மைதானம். லாரிகள் மாற்றி ஏற்றுகிற இடம். தரையில் வைக்கோலும் அட்டைத் துண்டுகளும்.

"ஒரு துண்டு கெடந்துச்சு ஆச்சி" என்றான். ஆச்சி என்றால் எங்களில் அக்கா. "ஈரிழைத் துண்டு. அப்பச்சிது மாதிரி இருக்கு. ஆனா எல்லாத் துண்டும் அப்புடித்தான இருக்கும்?"

"ஆமா" என்றேன். "எல்லாம் அப்புடித்தான் இருக்கும்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

5

வியாழக்கிழமை இங்கே காலை பத்து மணி. தெரியாத எண்ணிலிருந்து மெய்யப்பனுக்கு ஒரு போன். பேசத் தொடங்கியதுமே அவன் என்னையும் இணைப்பில் சேர்த்துவிட்டான்.

"யாரு, உமையாவா? அங்கிட்டு இப்ப மணி என்ன? நீ வேலைக்குப் போகலையா?"

மேசையை விட்டு எழுந்து, எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"எங்க இருக்கீங்க அப்பச்சி?"

"சாமானோட இருக்கேன்."

"ஊரு பேரு சொல்லுங்க."

"அது தெரியல. போர்டுல எழுதியிருக்கறது தெலுங்கா கன்னடமான்னும் தெரியல. ஒரு பெரிய குடோனு. டீ விக்கிற அம்மா ஜன்னல் வழியா போன் குடுத்திருக்கு. மகராசி. மெய்யப்பா, சட்டப் பையில சின்ன டைரியில ஒன் நம்பரு இருந்துச்சு, அதான் தப்பிச்சேன். குழவியக் காணோம். மத்ததெல்லாம் இருக்கு."

"குழவி கெடக்கட்டும் அப்பச்சி! ஒங்க போன் என்னாச்சு?"

"சார்ஜு போட்டுத் தாரேன்னு ஒருத்தன் வாங்கிட்டுப் போனான். அந்தக் கிருஷ்ணகிரியிலயே. வேற வண்டியில மாத்துனாங்க. அந்த ராசிபுரத்துப் பய எறங்கிப் போயிட்டான். நான் சாமானோட இந்த வண்டியில ஏறிக்கிட்டேன்."

டீக்கார அம்மா போனை வாங்கி, "ஹூப்ளி, ஹூப்ளி" என்றார். அந்த மூன்று எழுத்தை நான் எக்ஸ்ரே அறையின் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டேன். ஈயப் பூச்சுச் சுவர். சில்லென்றிருந்தது.

புள்ளி ராசிபுரத்துக்காரரின் வண்டியில் ஒட்டியிருந்த கருவியினுடையது. அவர் வேலை கிருஷ்ணகிரியோடு முடிந்தது. காலி வண்டியை ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருக்கிறார். நான் இரண்டு நாள் பார்த்துப் பார்த்து நடுங்கியது ஒரு காலி வண்டியை. அப்பச்சி அந்த நேரமெல்லாம் புள்ளியே இல்லாமல் வடக்கே போய்க்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மெய்யப்பன் ஹூப்ளி போய்ச் சேர்ந்தான். கம்பெனிக்காரர்களோடு சண்டை போட்டு, ஊர்ப் போலீஸைக் கூட்டி வந்து, வேறு ஒரு வண்டி பிடித்து ஏற்றி, இரண்டு பேரும் அதன் முன்சீட்டில் உட்கார்ந்து புனே போனார்கள். இறக்கி எண்ணியபோது அறுபத்தொன்று இருந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கையெழுத்து என்று மெய்யப்பன் பிடிவாதமாக நின்றபோது, அப்பச்சி பேனாவை வாங்கினாராம்.

"என்னையும் சேத்து எண்ணிக்கப்பா. அறுபத்தி ரெண்டு சரியாப் போச்சு."

மெய்யப்பன் இதைச் சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் அன்றைக்கு அந்த விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

6

மார்கழியில் புனே போனேன். ஆறாவது மாடி. பால்கனியில் குழவியில்லாத ஆட்டுக்கல். அதன் குழியில் மண் நிரப்பி மெய்யப்பனின் மனைவி துளசி வைத்திருந்தாள். அப்பச்சி பக்கத்தில் மரமணை போட்டு உட்கார்ந்து கீழே போகும் வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். ஆள் குறைந்தது போல இல்லை. ஆளுக்கு வெளியே இருந்த ஏதோ ஒன்று குறைந்தது போல.

நான் பெருமையாகவே பேச்சை ஆரம்பித்தேன். "ஒங்க மாதிரி வருமா அப்பச்சி? மத்தவங்கன்னா மொத வண்டியிலேயே எறங்கியிருப்பாங்க. நீங்க சரக்க விடலையே."

அவர் திரும்பவில்லை.

"அந்தக் குடோன்ல ரெண்டு நாளு வெளியில பூட்டுப் போட்டு வச்சிருந்தாங்க" என்றார். "மெய்யப்பன் வர்றதுக்கு முன்ன தொறந்துட்டாங்க, அவனுக்குத் தெரியாது. நீயும் சொல்லிப்புடாத."

பால்கனிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"மொதல்ல எறங்கிப் போ, எறங்கிப் போன்னாங்க. கையக் காட்டுனாங்க, பஸ்ஸு அங்கிட்டுன்னு. ஒருத்தன் சட்டயப் புடிச்சு இழுத்தான். நான் போகல. அப்பறம் பூட்டிட்டுப் போயிட்டாங்க. தண்ணி பாட்டில்ல பாதி இருந்துச்சு. அந்த டீக்கார அம்மா ஜன்னல்ல பாக்குற வரைக்கும் அத மூடியில ஊத்தி ஊத்திக் குடிச்சேன்."

"அப்பச்சி, எறங்கிப் போயிருக்கலாம்ல? சாமான் போனாப் போவுது!"

"சாமானுக்காகவா இருந்தேன்?"

இப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் வாழ்நாளில் பார்த்திராத பார்வை அது. கடைக்கல்லாவில் உட்கார்ந்திருந்தவரின் பார்வை இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கை விட்டுப்போன பிள்ளையின் பார்வை.

"பயந்துட்டேன் உமையா. எறங்கி எங்கிட்டுப் போறது? பேச்சுத் தெரியாது. எழுத்துத் தெரியாது. கையில போனு இல்ல. ரோட்டுக்குப் போனா நான் யாரு? ஒரு கெழவன். அம்புட்டுத்தான். உள்ளுக்க அலமாரி இருந்துச்சு. அண்டா இருந்துச்சு, ஒங்க ஆத்தா பேரு வெட்டுனது. இந்த மணைய உருவிப் போட்டு, அலமாரியில முதுகச் சாச்சு உக்காந்துக்கிட்டேன். அதுக பக்கத்துல இருக்கறவரைக்கும் நான் இன்னாருன்னு எனக்குத் தெரிஞ்சுச்சு."

கீழே ஒரு ஆட்டோ விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"நாப்பது வருசமா லாரியில போனனே, அப்பயும் இதே பயந்தானோ என்னமோ. சரக்குக்குத் தொணையாப் போறேன்னு ஊருல சொல்லிக்கிட்டேன்."

அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஜெர்மனிக்கு நான் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். சென்னை விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு வரை வந்தவர், அதற்கு மேல் விடமாட்டோம் என்று காவலர் சொன்னதும், "பெட்டியோட ஆள் போக வேணாமா?" என்று கேட்டார். "ஆள்தான் போறாங்களேய்யா" என்றார் காவலர். எல்லாரும் சிரித்தோம். வந்து இறங்கிய ஊரில் முதல் மூன்று மாதம் என் பெட்டியைப் பிரிக்காமல், அறை நடுவில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். நாற்காலி இருந்தது. ஏன் அப்படிச் செய்தேன் என்று இருபத்திரண்டு வருஷம் எனக்குத் தெரியவில்லை.

7

ஆகவேதான் இன்று காலை அந்த வண்டியில் ஏறப் போனேன். ஆகவேதான் நடைபாதையில் உட்கார்ந்தேன். அழகம்மை என்னைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குள் அழைத்துப்போனாள். அவள் ரயில் பதினொன்றேகாலுக்கு. அதற்குள் புனேக்குப் போன் போட்டேன்.

"சாமான் கெளம்பிருச்சா?"

"கெளம்பிருச்சு அப்பச்சி."

"கூட யாரு போறா?"

"யாரும் போகல. இங்க விட மாட்டாங்க."

"புள்ள?"

"அவ ரயில்ல போறா. தனியா. பெட்டியெல்லாம் நாளைக்குத்தான் போயிச் சேரும்."

"அப்ப வெறுங்கையோடவா போகுது?" குரல் உயர்ந்தது. "ஏதாச்சும் ஒண்ணக் கையில குடுத்து விடு உமையா. சாப்புடறது இல்ல. வீட்டுல கெடந்தது, உக்கார்ற மாதிரி ஒண்ணு. கேக்குதா?"

அவள் அறைக்குப் போனேன். காலியாக இருந்தது. சுவரில் படங்கள் இருந்த இடங்கள் வெளுத்துச் சதுரம் சதுரமாக. குளியலறையில் ஒரு முக்காலி. மரத்தில் செய்தது, முழங்கால் உயரம்கூட இல்லை. மூன்று வயதில் அதன் மேல் ஏறி நின்றுதான் பல் துலக்குவாள். ஒரு கால் கொஞ்சம் ஆடும். பட்டியலில் இல்லாதது.

"அம்மா, ரயில்ல சீட் இருக்கு. ரிசர்வ் பண்ணிருக்கேன்."

"இருக்கட்டும். எடுத்துக்க."

"எல்லாரும் பாப்பாங்க."

"பாக்கட்டும். ஐயா சொன்னாங்க."

அந்தப் பெயருக்கு அவள் மறுத்துப் பேசவில்லை. கண்ணை ஒருமுறை மேலே உருட்டினாள். முக்காலியைக் கவிழ்த்துப் பைக்குள் திணித்தாள். இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நிலையத்தில் என்னைக் கட்டிக்கொண்டபோது அதில் ஒன்று என் விலாவில் குத்தியது. ரயில் கிளம்புமுன் தன் போனில் எதையோ தட்டினாள். என் போன் அதிர்ந்தது. வரைபடம். அதில் ஒரு நீலப் புள்ளி.

"நான் எங்க இருக்கேன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம். பயப்பட வேணாம்" என்றாள் ஜன்னல் வழியாக, தமிழில், தவறில்லாமல்.

அவளுக்கு எப்படிச் சொல்வேன், புள்ளிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததை?

இப்போது மத்தியானம் மூன்றரை. சமையலறை மேசையில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஹனோவர் தாண்டியது. கோட்டிங்கன் தாண்டியது. அதற்குப் பிறகு, பெயர் வாயில் நுழையாத ஒரு சின்ன நிலையத்தில் புள்ளி நின்றது. பத்து நிமிடம். நாற்பது நிமிடம். அவளுக்குப் போன் போட்டேன், மணி அடிக்கவே இல்லை. இன்னொரு முறை. எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். புள்ளி தெற்கேயும் போகவில்லை, வடக்கேயும் வரவில்லை. இந்த வாக்கியத்தை எழுதுவதற்குள் நகர்ந்துவிடும் என்று நினைத்து எழுதினேன். நகரவில்லை.

இன்னொரு பக்கம் எழுதிய பிறகு, அதைக் கிழித்துப் போட்ட பிறகு, போன் ஒருமுறை அதிர்ந்தது. ஒரு படம். ரயில் பழுதாகி எல்லாரையும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். நீண்ட நடைமேடை. பெஞ்சுகள் நிறைந்து, மிச்சப் பேர் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறார்கள். அவர்களிலிருந்து தள்ளி, ஒரு தூணில் முதுகைச் சாய்த்து, என் மகள் முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். யாரோ தெரியாத ஒருவர் எடுத்துக் கொடுத்த படமாக இருக்க வேண்டும். சிரிக்கிறாள். கைகள் இரண்டும் கீழே போய் முக்காலியின் விளிம்பை இறுகப் பிடித்திருக்கின்றன.

கீழே தமிழில் தட்டியிருந்தாள்: "ஐயாகிட்ட சொல்லுங்க. உக்காந்துருக்கேன்."

படத்தைப் புனேக்கு அனுப்பினேன். அப்பச்சி உடனே கூப்பிட்டார். சிரிப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"கையப் பாத்தியா?" என்றார்.

"பாத்தேன் அப்பச்சி."